மில் கணீரெண்டு கத்தினா வயிறு காலி

திருகோணமலையில கல்லரைக்கிற ஒரு ஆலையில சேர்ந்த முதல் கிழமை முழுக்க, பால் மில் எண்ட, இரும்புக் குண்டு போட்டுக் கல்லரைக்கிற உருளைக்குப் பக்கத்தில நிண்டு நிண்டு தலையிடியோடதான் வீட்ட போனனான். பிறகொருநாள் போர்மன் ஐயா கூப்பிட்டு, "தம்பி, கண்ணை மூடிக்கொண்டு மில் என்ன சொல்லுது எண்டு கேள்" எண்டார். சத்தம் கணீர் கணீர் எண்டு கூடினா உள்ளுக்கு கல்லு காணாது, குண்டெல்லாம் லைனர் எண்ட உள்சுவர்த் தகட்டிலயே போய் மோதுது, சத்தம் அமந்து மொத்தெண்டு வந்தா அளவுக்கு மிஞ்சிப் போட்டாச்சு.

பாத்தா லேசான மிசின்தான். படுக்க வச்ச இரும்பு உருளை, உள்ளுக்கு கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு இரும்புக் குண்டு. சுத்தேக்க குண்டுகள் சுவரோட ஏறி, ஒரு கட்டத்தில விட்டுப்போட்டு கீழ உருண்டும் விழுந்தும் கல்லை நொறுக்கும்.

இதைச் சொன்னவுடன எல்லாரும் கேக்கிறது, வேகமாச் சுத்தினா கெதியா அரைபடாதா எண்டு. அரைபடாது. ஒரு வேகத்துக்கு மேல போனா குண்டுகள் சுவரோட ஒட்டிக்கொண்டு சுத்துமே தவிர விழாது. உருளையின்ர உள்விட்டத்தை மீட்டரில எடுத்து, அதின்ர வர்க்கமூலத்தால 42.3 ஐப் பிரிச்சா அந்த வேகம் வரும். 2 மீட்டர் மில்லுக்கு நிமிசத்துக்கு 30 சுத்து, நாங்க ஓட்டுறது அதில முக்கால்வாசி, 22 மட்டில.

முந்தி சுரங்கங்களில உலக்கை மாதிரி இரும்புக் கம்பங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் தாதுக்கல்லை இடிச்சவை. பிறகு உருளை வந்த காலத்தில உள்ளுக்குப் போட்டது டென்மார்க், பிரான்ஸ் கடற்கரையில பொறுக்கின உருண்டைக் கல்லுகள், தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில தாதுக்கல்லையே குண்டாப் போட்டும் அரைச்சவை. ஒரு கல்லை அரைக்க எவ்வளவு கரண்ட் வேணும் எண்டு கணக்குப் போடுற முறையை 1952ல பிரெட் பாண்ட் எண்டவர் எழுதி வச்சார், இண்டைக்கும் மில் எடுக்கிறவை அதைத்தான் பாக்கினம். அந்தக் கரண்டில பெரும்பங்கு சூடாத்தான் போகுது, கல்லு உடைய உண்மையில செலவாகிறது கொஞ்சூண்டு. எனக்கு இது இப்பவும் மனசுக்குக் கஷ்டமான விசயம்.

புல்மோட்டையில இந்தச் செலவே இல்லை. அங்க கடற்கரையில இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் எண்ட தாதுகள் தனித்தனி மணியாப் பிரிஞ்சு மணலாவே கிடக்கு, மழையும் ஆறும் கடலும் எத்தினை லட்சம் வருசமா அரைச்சு வச்சதோ. அள்ளிக் கழுவி காந்தத்தாலயும் மின்சாரத்தாலயும் பிரிச்சா சரி. கல்லுக்குள்ள சிக்கிக் கிடக்கிற தாதுவுக்குத்தான் மில் வேணும்.

ஒருக்கா மழைக்காலத்து நைட் சிப்டில ஈரக் கல்லு, மில்லுக்குக் கல்லுக் குடுக்கிற தொட்டியான ஹொப்பர்ல அடைச்சுப் போட்டுது. நான் சத்தம் கேக்காமக் காதை மூடுற மப் போட்டுக்கொண்டு மற்றப் பக்கம் பெல்ட் பாத்துக்கொண்டு நிண்டனான், மில் வெறுமனே ஓடினது தெரியேல்லை. விடியப் பாத்தா லைனர் போல்ட்டடியால தூள் ஒழுகி உருளையில கோடு கோடா இறங்கியிருக்கு, ரெண்டு தகடு வெடிச்சுப் போச்சு. மாத்த மூண்டு நாள். ஐயா ஏசேல்லை, வெடிச்ச தகட்டைத் தடவிப் பாத்துக்கொண்டு நிண்டார், எனக்கு அதுதான் தாங்கேலாமக் கிடந்தது.

அதுக்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மப்பைக் கழட்டிப்போட்டு ஒரு நிமிசம் மில்லடியில நிண்டு கேக்கிறன்.