மூன்று மடங்கு, ஒரு நாளுக்கு மட்டும்

ஜூன் 3

தம்பி கேட்டது மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. "நாஸ்டாக் எப்படியும் ஏறத்தான் போகுது, அப்போ மூணு மடங்கு தர்ற ஃபண்டை வாங்கிப் போட்டுட்டு பத்து வருஷம் சும்மா இருந்தா என்னண்ணா?" அவன் சொல்வது அமெரிக்காவின் நாஸ்டாக் இண்டெக்ஸை, அதாவது அங்குள்ள பங்குகளின் போக்கைக் காட்டும் குறியீட்டை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் சொல்கிற லீவரேஜ்டு இடிஎஃப் (இண்டெக்ஸின் அசைவைப் பெருக்கித் தரும், பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) தருவதாகச் சொல்வது அந்த ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தில் மூன்று மடங்கு, அவ்வளவுதான். மறுநாள் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும்.

ஜூன் 4

இன்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இண்டெக்ஸ் 100. முதல் நாள் 10% விழுந்து 90, மறுநாள் 11.11% ஏறித் திரும்பவும் 100. மூன்று மடங்கு ஃபண்ட் முதல் நாள் 30% விழுந்து 70 ஆகிறது, அந்த 70-க்கு 33.33% ஏறினாலும் 93.33-தான் வருகிறது. இண்டெக்ஸ் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, ஃபண்டில் 6.67 காணோம்! மடங்கு மாறாமல் இருக்க அது ஏறிய நாளில் கூடுதலாக வாங்கியும் இறங்கிய நாளில் விற்றும் ஆக வேண்டும், அதனால் சந்தை மேலும் கீழும் ஆடும்போதெல்லாம் பணம் கரைகிறது.

"ஏறிக்கிட்டே போனா?" என்றான். சரியான கேள்வி. தொடர்ந்து மூன்று நாள் 5% ஏறினால் இண்டெக்ஸுக்கு 15.8%, ஃபண்டுக்கு 52.1%, மூன்று மடங்கைவிட அதிகம். இதையும் சொல்லத்தான் வேண்டும், மக்களை இழுப்பதே இதுதான்.

ஜூன் 7

2022-இல் நாஸ்டாக் 100 சுமார் 33% விழுந்தது, அதன் மூன்று மடங்கு ஃபண்டான டிக்யூக்யூக்யூ சுமார் 79% விழுந்தது. 33% விழுந்தது மீள 49% ஏறினால் போதும். 79% விழுந்தது மீள ஏறக்குறைய 376% ஏற வேண்டும்.

இதைவிட என்னை உலுக்கியது அமெரிக்காவின் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி 2009-இல் விட்ட எச்சரிக்கையில் இருந்த கணக்கு. 2008 டிசம்பரிலிருந்து 2009 ஏப்ரல் வரை ஒரு இண்டெக்ஸ் சுமார் 8% ஏறியது. அதன் மூன்று மடங்கு ஃபண்ட் 53% நஷ்டம், இண்டெக்ஸ் இறங்கினால் ஏறும் எதிர்த்திசை மூன்று மடங்கு ஃபண்ட் 90% நஷ்டம். ஏறும் என்றவருக்கும் அடி, இறங்கும் என்றவருக்கும் அடி. திசையைச் சரியாகக் கணித்தவர்கூடப் பாதிப் பணத்துக்கு மேல் இழந்தார் என்றால், இதை வாங்கிப் போட்டுவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பது?

ஜூன் 9

எக்ஸ்ஐவி பற்றியும் சொன்னேன். சந்தைப் பதற்றத்தை அளக்கும் குறியீடு விக்ஸ். அதை வைத்து நடக்கும் ஃப்யூச்சர்ஸ் (முன்பேர) ஒப்பந்தங்களுக்கு எதிர்த்திசையில் போகும் நோட், அதாவது வங்கி வெளியிட்ட கடன் பத்திரம், அது. மூன்று மடங்குகூட இல்லை, ஒரு மடங்குதான். 2018 பிப்ரவரி 5 அன்று விக்ஸ் ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது, எக்ஸ்ஐவியின் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அந்த மாதமே அதை மூடிவிட்டார்கள், காத்திருந்து மீட்கலாம் என்றாலும் வழியில்லை.

"சரிண்ணா, ரெண்டு மடங்கு?" என்றான். அதே காகிதத்தில் போட்டோம். 80, அப்புறம் 97.78. பத்து வருடம் தொடாமல் வைக்கப்போகிற பணத்துக்கு அதுவும் வேண்டாம் என்றேன்.