இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட்

ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "எனக்கு நல்லா நீச்சல் தெரியும் சார். லைஃப் ஜாக்கெட் படகுலதான் இருக்கு. தேவைப்பட்டா எடுத்துப் போட்டுக்குவேன்."

தன்னார்வலராகப் படகுப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில், இதற்குப் பதிலாகக் கணக்கு சொல்வேன். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் விபத்து அறிக்கை வெளியிடுகிறது. படகு விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கித்தான் இறக்கிறார்கள். மூழ்கியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. கேட்டுத் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் பார்த்தால் ஜாக்கெட் பழையபடி இருக்கைக்கு அடியில் கிடக்கும்.

என்னோடு வகுப்பெடுக்கும் மூத்தவர் ஒருவர்தான் வழி சொன்னார். "பேசினது போதும், குளத்துக்குக் கூட்டிட்டு வாங்க." உடுத்திய துணியோடு ஆளை நீச்சல் குளத்தின் ஆழமான பக்கம் இறக்கி, ஜாக்கெட்டை எட்டும் தூரத்தில் வீசிவிட்டு, போட்டுக்கொள்ளச் சொல்வோம். பக்கத்திலேயே இரண்டு பேர் காவலுக்கு இருப்போம்.

முதல் நாள் இறங்கிய இளைஞர் மீன் மாதிரி நீந்துபவர். ஆனால் ஜாக்கெட் மிதக்கிற பொருள் அல்லவா, கையை நுழைக்கப் போனால் துள்ளி மேலே வந்தது. ஒரு கை நுழைந்ததும் மறுபாதி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதைத் தேடக் கையைத் திருப்பினால் தலை முங்கியது. கடைசிவரை கொக்கியை மாட்ட முடியாமல் கரையேறி, மூச்சு வாங்க உட்கார்ந்தார். "அலையே இல்லாத தண்ணியில இப்படியா?" என்று கேட்டார். அதன்பின் அந்த வகுப்பில் கணக்கு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

குளிர்ந்த நீர் என்றால் நிலைமை இன்னும் மோசம். விழுந்த நொடியில் நம்மை மீறி மூச்சு உள்ளே இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போகும். அந்த இழுப்பு அடங்கவே ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் பத்து நிமிடம் போல விரல்கள் சொன்னபடி கேட்கும், பிறகு கேட்காது. அந்த விரல்களை நம்பித்தான் "தேவைப்பட்டா போட்டுக்குவேன்" என்கிறோம்.

மற்றவற்றையும் சொல்லித்தருகிறோம். எல்லோரும் ஒரே பக்கம் சாயக்கூடாது, எஞ்சினை அணைக்கும் கயிற்றை ஓட்டுபவர் உடம்போடு மாட்டிக்கொள்ள வேண்டும், கவிழ்ந்தாலும் படகை விட்டு நீந்திப் போகக் கூடாது. இவற்றை யாரும் மறுப்பதில்லை. மல்லுக்கட்டு எல்லாம் ஜாக்கெட்டோடுதான்.

விடுமுறை நாட்களில் படகுத்துறையிலேயே நின்று ஜாக்கெட் அளவு பார்த்துக் கொடுப்போம். போன வாரம் ஒருவர் ஐந்து வயது இருக்கும் மகளுக்குப் பெரியவர்களுடையதை மாட்டிக் கூட்டி வந்தார். தோள் பக்கம் பிடித்து மெல்லத் தூக்கிக் காட்டினேன். ஜாக்கெட் அவள் கண்ணையும் தாண்டி ஏறியது. தண்ணீரில் என்றால் குழந்தை அதற்குள்ளிருந்து அப்படியே கீழே நழுவியிருக்கும். அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் இரவல் கொடுக்க வைத்திருந்த சின்ன ஜாக்கெட்டை வாங்கி, கால் இடுக்குப் பட்டையை அவரே இழுத்து மாட்டிவிட்டார். பிறகு படகில் ஏறியதும், குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்து தன்னுடையதை எடுத்தார்.