பிடித்த பாட்டும் நடக்கவைக்கும் பாட்டும்

மார்ச் 3
அப்பாவுக்கு அல்சைமர், மறதி நோய். எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். "வாங்கப்பா, கொஞ்சம் நடக்கலாம்" என்றால் "எங்கே?" என்கிறார். ஹாலுக்குள்ளேயே நடக்க எங்கே என்று சொல்வது!

மார்ச் 4
பாட்டு போட்டதும் வலது கால் தானாகத் தாளம் போட்டது. இடது கால் போடவில்லை.

மார்ச் 7
பிசியோதெரபிஸ்ட் வந்தார். நடையை அப்புறம் பார்க்கலாம், முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கட்டும், முழங்காலை நீட்டி மடக்கட்டும் என்றார். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பாட்டு, அதைத் தினமும் மாற்றக்கூடாதாம். அல்சைமரில் மற்றதெல்லாம் போனாலும், பழகிய பாட்டை அறியும் மூளைப் பகுதி ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கிறது என்று 2015-இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அப்பாவுக்கு என் பெயர் மறந்துபோய்விட்டது, பாட்டின் இரண்டாவது சரணம் அப்படியே இருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8
பாட்டுக்கு நடுவில் விளம்பரம். எவனோ கடன் வாங்கச் சொல்லிக் கத்த, அப்பா "யார் வந்திருக்கா?" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பயிற்சியாவது ஒன்றாவது. பாட்டுகளை டவுன்லோட் செய்து வைக்கணும்.

மார்ச் 12
உற்சாகமாக இருக்கட்டும் என்று நிமிடத்துக்கு 120 தட்டு வரும் பாட்டைப் போட்டோம். அதைத் துரத்துகிறவர் மாதிரி, சின்னச் சின்ன அடியாக இழுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டார், பிசியோ பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். அவருடைய இயல்பான நடை நிமிடத்துக்கு 80 சொச்சம் அடிதான், பாட்டும் அதை ஒட்டியே இருக்கணும். ஆனால் அவருக்கு உயிரான பாட்டெல்லாம் அதைவிட மெதுவு, போட்டால் நின்று கேட்பார், கண் கலங்கும், கால் நகராது. பிடித்த பாட்டு வேறு, நடக்கவைக்கிற பாட்டு வேறு.

இடது கால் இன்னும் தரையில் தேய்கிறது.

மார்ச் 13
ஜன்னல் வரை போய் வந்தார். விளம்பரம் இல்லை!

மார்ச் 16
சாயங்காலம் ஆனால் வேறு மனிதர். "நிறுத்து அதை!" என்று ஸ்பீக்கரைத் தள்ளிவிட்டார். இனி காலையில் மட்டும்தான். 65 வயதுக்கு மேல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைத் தம்பி வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். அனுப்பட்டும். ஒரே ஒரு பாட்டு முடியும் வரைக்கும் வந்து அவரைத் தாங்கிப் பிடிக்கட்டும், பார்க்கலாம்.

மார்ச் 17
ஒன்றும் நடக்கவில்லை. தூங்கினார்.

மார்ச் 20
பாதியில் சார்ஜ் போய்விட்டது. நான் போனைத் தேடுவதற்குள் அவரே முணுமுணுத்துக்கொண்டு குதிகாலைத் தூக்குகிறார். "என்ன நின்னுட்ட? கையைத் தட்டு" என்று எனக்கு அதட்டல் வேறு.

மார்ச் 22
இடது செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்திருக்கிறது. பிசியோவிடம் காட்டணும், டாக்டரிடமும். 80-க்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாட்டு வேண்டும்.