செக்கியூரிட்டி அண்ணாவும் ஒரு நாள் லீவும்

வெள்ளவத்தை ஃபிளாட் கேட்டிலும் கொள்ளுப்பிட்டி வங்கி வாசலிலும் நிற்கிற அண்ணாமாருக்கு டியூட்டி போடுகிறவர்கள், அமெரிக்க அணுமின் நிலையக் காவலர்களுக்கான விதியை ஒருக்கால் பார்க்க வேண்டும். 2008இல் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழு வெளியிட்டது.

24 மணித்தியாலத்துக்குள் அதிகபட்சம் 16 மணித்தியால வேலை. 48க்குள் 26. ஏழு நாளுக்குள் 72. இன்று 16 மணித்தியாலம் நின்றவரை நாளைக்கு 10க்கு மேல் நிறுத்த முடியாது. ஆள் வரவில்லை என்று டபுள் ஷிப்ட் போடும்போது இந்த 26 எளிதில் உடையும், டியூட்டி லிஸ்ட் எழுதும்போதே கூட்டிப் பாருங்கள். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் பொதுவாக 10 மணித்தியால இடைவெளியும் வேண்டும்.

லீவு நாள்தான் சிக்கல். அந்த விதியில், ஷிப்ட் தொடங்காத கலண்டர் நாளெல்லாம் லீவு நாள். ஞாயிறு காலை 7க்கு நைட் முடித்து, திங்கள் காலை 7க்கு வந்தாலும் ஞாயிறு கணக்கில் லீவுதான்! உண்மையில் கிடைத்தது 24 மணித்தியாலம், அதிலும் பாதி தூக்கத்தில் போய்விடும். அதனால்தான் எந்த 9 நாளிலும் தொடர்ச்சியாக 34 மணித்தியால ஓய்வு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். மிக அவசியமான வரி இதுதான் என்பேன்.

12 மணித்தியால ஷிப்ட் என்றால் காவலர்களுக்குக் கிழமைக்குச் சராசரி 3 நாள் லீவு. அங்கே கட்டுப்பாட்டறையில் இருந்து அணு உலையை இயக்குகிறவருக்கே இரண்டரைதான்.