களைக்கும் முன் நில்: வெள்ளவத்தை நாட்குறிப்பு

2025 ஜூன் 17, செவ்வாய்

என் அக்காவின் பிள்ளை கோலூன்றிப் பாயும்போது விழுந்து தலையில் அடிபட்டாள். விபத்தன்று அவசர சிகிச்சைப் பிரிவில் அவளுடைய அட்டையில் எழுதப்பட்ட எண் 7. விழிப்பு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவில் மிகக் குறைந்தது 3. முழு விழிப்புக்கு 15. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான மூளைக் காயம். கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, அசைவுக்கு 6 வரை என்று புள்ளியிட்டுக் கூட்டுகிறார்கள். 1974இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்கள் இருவர் வகுத்த கணக்கு இது. இன்று அவளுக்கு 14.

குறைகிற அந்த ஒரு புள்ளி எது என்பது அவளோடு ஐந்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். "சித்தி, எப்போது யாழ்ப்பாணம் வந்தீர்கள்?" என்று கேட்கிறாள். கொழும்பில் இருக்கிறோம் பிள்ளை என்றால் தலையாட்டுகிறாள். தண்ணீரைக் குடித்து முடித்ததும் அதே கேள்வி.

காயத்துக்குப் பிந்திய மறதி என்று வைத்தியர் விளக்கினார். விழித்திருப்பாள், பேசுவாள், சிரிக்கவும் செய்வாள். ஆனால் இன்று நடந்தது நாளைக்கு அவளிடம் இருக்காது. இந்தக் கட்டம் எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்தே பின்னால் எந்த அளவுக்குத் தேறுவாள் என்று ஓரளவு கணிக்கிறார்களாம். ஒரு நாளைத் தாண்டினாலே இலேசான காயம் என்று சொல்ல முடியாது. நாங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டோம்.

பார்க்க வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். பதில் வராதபோது அவள் முகம் கலங்குவதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். "நான் உன் பெரிய மாமா, பருத்தித்துறையிலிருந்து வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். இருவருக்கு மேல் கட்டிலைச் சூழ வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச வேண்டாம். அக்கா அழுவதானால் வெளியே வந்து என் தோளில் அழட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று மத்தியானம் புட்டும் முட்டைப் பொரியலும் கொடுத்ததை இன்று அவளாகவே சொன்னாள். நேற்று என்ற ஒன்று அவளுக்குத் திரும்பியிருக்கிறது. விபத்தும் அதற்கு முந்திய இரண்டு நாட்களும் மட்டும் இல்லை. அவை இனி வராமலே போகலாம் என்கிறார்கள். வராவிட்டால் போகட்டும்.

ஜூலை 9, புதன்

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. என் வீடு காலி வீதிக்கு மிகக் கிட்டத்தில். 100, 101 இலக்க பஸ்கள் அடிக்கும் ஹோர்ன் எங்கள் காதுக்குப் பழகிப்போனது. அவளுக்கு ஒவ்வொன்றும் மண்டைக்குள் இறங்குகிறது. பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தோம். கனமான திரை, சுவரில் பெரிய நாட்காட்டி, இன்று செய்ய வேண்டியதை எழுத ஒரு வெள்ளைப் பலகை. தொலைக்காட்சி கூடத்தில் ஓடினால் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டுமென்றால் அதை நிறுத்துகிறோம்.

எங்களை மிகவும் பயமுறுத்தியது தலைச்சுற்று. கட்டிலில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுழல்கிறது என்று கத்தினாள். மூன்று மீற்றர் உயரத்தில் தலைகீழாகத் தொங்கி, உடம்பைத் திருப்பிக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டிய பிள்ளை, தலையணையில் தலை திருப்பப் பயப்படுகிறாள். மூளையில் மீண்டும் இரத்தம் கசிகிறதோ என்று நெஞ்சு பதறிக் கொண்டுபோனோம். பரிசோதித்துவிட்டு, இது உட்காதின் வேலை என்றார் இயன்மருத்துவர். சமநிலையை உணர்த்தும் உறுப்பில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. தலையில் பலத்த அடி பட்டால் அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவது உண்டு. எப்லி முறை என்று ஒன்று: அவளைப் படுக்கவைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சற்று நிறுத்தி, பிறகு மறுபக்கம், பிறகு உடம்போடு சேர்த்துப் புரட்டி எழுப்பினார். மருந்தில்லை, ஊசியில்லை. மறுமுறை செய்தபின் அந்தச் சுழற்சி அடங்கிவிட்டது. தலைக்காயத்துக்குப் பிறகு படுக்கையில் புரளும்போது சுற்றுகிறது என்று யாராவது சொன்னால், "பலவீனம், சரியாகிவிடும்" என்று விட்டுவிடாமல் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா ஊரிலிருந்து ஒடியல் மா வருவித்துக் கூழ் காய்ச்சினாள். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, எதையும் விடவில்லை. அந்த மணத்துக்கு மாடிப்படி வரை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை இரண்டு வாய் குடித்துவிட்டு, "காரமாக இருக்கிறது அம்மா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா முகம் விழுந்துவிட்டது.

பிறகு தனியாகக் கேட்டபோதுதான் சொன்னாள். வைத்தியசாலையில் இருந்த நாள் முதல் அவளுக்கு எந்த மணமும் தெரியவில்லை. சாப்பாடு பிடிக்காததற்கு மருந்துதான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். விழுந்தது பின் தலையில். அந்த வேகத்தில் மூளை முன்னே போய் நெற்றியெலும்பில் மோத, முன் மூளை கன்றிப்போனது. மூக்கிலிருந்து மெல்லிய எலும்புத் துளைகள் வழியாக மேலே ஏறும் மண நரம்பு இழைகள் அப்போது அறுந்துவிடக்கூடும். உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும். காரம் வேறு நரம்பின் வேலை, அதுவும் தெரியும். கூழைக் கூழாக்கும் மற்ற எல்லாம் மூக்கின் வழியாக வருவது. சிலருக்கு மாதக் கணக்கில் மெல்லத் திரும்புகிறது, சிலருக்கு இல்லை.

இன்று முதல் அவள் சமையலறையில் தனியாக அடுப்பு பற்றவைப்பதில்லை. எரிவாயு கசிந்தால் அவளுக்குத் தெரியாது. பழைய கறி கெட்டுவிட்டதா என்றும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு டப்பாவிலும் தேதி. அக்காவுக்கு நான் சொன்னது: மணத்தை விடு, மொறுமொறுப்பும் புளிப்பும் காரமும் உள்ளதாகச் செய். தோசைக்கு இடிச்ச சம்பல், மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த் தூளும். சாப்பிடுகிறாள்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

நல்லூரில் கொடியேறி நாட்களாகின்றன. அக்காவின் மனம் அங்கேயே இருக்கிறது. அவளுடைய நேர்த்தியும் கண்ணூறு கழித்ததும் அவளைத் தாங்கி நிற்கின்றன. நான் ஒரு வார்த்தை குறுக்கே சொல்ல மாட்டேன்.

இன்று எழுத வேண்டியது களைப்பைப் பற்றி. விளையாட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. மூச்சு முட்டும், கால் எரியும், அதற்குப் பிறகும் ஒரு சுற்று ஓட வேண்டும் என்பது அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து ஊட்டப்பட்டது. மாகாண மட்டத்தில் அவளுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்ததே அந்த மேலதிகச் சுற்றுத்தான். காயம்பட்ட மூளைக்கு அது எதிரி. அதன் ஒரு நாளைய தெம்பு நாட்கூலி போன்றது. காலையிலேயே செலவழித்துவிட்டால் மாலையில் கடன் கொடுப்பார் யாருமில்லை. சென்ற கிழமை பிடிவாதமாக இரண்டு மணி நேரம் உயிரியல் படித்தாள். அடுத்த இரண்டு நாளும் தலையைத் தூக்க முடியவில்லை. பேசும்போது "கதவு", "கரண்டி" போன்ற சொற்கள்கூட வர மறுத்தன. உடனே அவள் எடுத்த முடிவு, இன்னும் கூட முயல வேண்டும் என்பது.

ஓய்வெடு, ஓய்வெடு என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவளுக்கு அது இரக்கமாகவே கேட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து அவளைப் பயிற்றுவித்த மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். நான் நிலைமையைச் சொன்னேன். சிகிச்சையாளரோடு பேசிவிட்டு, போட்டிக்கு முன் எழுதுவதைப் போலவே கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை எழுதி அனுப்பினார். இருபது நிமிடத்தில் எழுத்து குழம்பத் தொடங்குகிறதா, பன்னிரண்டில் நிறுத்து. குழம்பும்வரை போனால் அந்தப் பயிற்சி தோல்வி. கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். பிள்ளை அதை வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு அலாரம் வைத்தாள். நாங்கள் கெஞ்சியும் நடக்காதது மாஸ்டரின் ஒரு தாளில் நடந்தது. ஓய்வை அவளிடம் பயிற்சியாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்காக இருட்டறையில் கிடத்தி வைப்பதும் இல்லை. விளையாட்டில் ஏற்படும் தலை அதிர்ச்சி பற்றி 2022இல் அம்ஸ்ரடாமில் கூடிய நிபுணர்கள், முழுமையான படுக்கை ஓய்வு வேண்டாம், ஆரம்பத்திலேயே மெல்லிய நடை நல்லது என்று உடன்பட்டார்கள். அது இலேசான காயத்துக்குச் சொன்னது. பிள்ளையின் காயம் அதைவிட எவ்வளவோ பெரியது. ஆனாலும் சிறிது சிறிதாகக் கூட்டி, அறிகுறி ஏறினால் ஒரு படி இறங்கும் முறையைத்தான் அவளுடைய வைத்தியரும் சொல்கிறார். விடியற்காலையில் மரைன் டிரைவில் நடக்கிறோம். கடற்காற்று நல்லது. ரயில் வரும்போது காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், போனதும் நடக்கிறாள்.

ஓகஸ்ட் 23, சனி

இந்தக் கிழமை ஒரு கிளினிக்கில் ஞாபகப் பரிசோதனை. சொற்பட்டியல் ஒன்றை வாசிப்பார்கள், கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பட்டியல் சிங்களத்தில் இருந்தது. சாவகச்சேரியில் படித்த பிள்ளைக்குக் கடையில் பேசும் சிங்களம்கூட அரைகுறை. வந்த புள்ளி மிகக் குறைவு. அது கோப்பில் ஏறியிருந்தால் அவளுடைய படிப்பும் பரீட்சைச் சலுகையும் அந்த எண்ணை வைத்தே தீர்மானிக்கப்பட்டிருக்கும்.

நான் எழுந்து சொன்னேன்: நீங்கள் அளந்தது இவளுடைய சிங்களத்தை. நினைவை அளக்க வேண்டுமானால் தமிழில் கேளுங்கள். கோபப்படவில்லை, ஆனால் நாற்காலியை விட்டு அசையவுமில்லை. பரிசோதித்த பெண் நல்லவர். அவருக்கும் அது சரியில்லை என்று தெரிந்திருந்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த பயிலுநர் ஒருவரை அழைத்துவந்தார்கள். வேறொரு நாளில் தமிழில் செய்ததில், குறை இருக்கிறது, ஆனால் அந்தப் பெரும் பள்ளம் இல்லை. தலைநகரத்தில், மூன்று மொழிப் பெயர்ப்பலகை தொங்கும் கட்டடத்தில், இதைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. கேட்கத் தெரியாதவர்களின் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை.

செப்டெம்பர் 6, சனி

மேல்மாடி ஐயா வந்து தைரியம் சொன்னார். 1975 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில், லண்டன் ஓவல் மைதானத்தில், ஜெஃப் தொம்சனின் பந்து தலையில் பட்டு இலங்கை வீரர் துலீப் மெண்டிஸ் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார். அதே மெண்டிஸ்தான் 1985இல் இங்கே பொரளை சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவை வென்ற அணிக்குத் தலைவர், இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி. "நீயும் அப்படித்தான் மகள்."

பிள்ளை கேட்டாள்: "எல்லோரும் அப்படித் திரும்பி வந்தார்களா, ஐயா?"

ஐயா பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். 1962இல் பார்படோஸில் இந்திய அணித் தலைவர் நரி கொன்ட்ராக்டரின் மண்டையோடு உடைந்ததையும், மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவர் ஃபிராங்க் வொரல் அவருக்கு இரத்தம் கொடுத்ததையும் சொன்னார். கொன்ட்ராக்டர் பிழைத்தார், உள்நாட்டுப் போட்டிகளுக்கும் திரும்பினார். டெஸ்ட் ஆட்டம் மட்டும் அதன் பிறகு ஆடவில்லை.

மாலையில் வந்த இன்னொரு உறவினர், "ஆள் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் ஏன் வீட்டில்?" என்று கேட்க, பிள்ளை கையிலிருந்த தட்டை மேசையில் அடித்து, "வெளியே போங்கள்" என்று கத்தினாள். அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. எனக்கு வெட்கமில்லை. வாய்வரை வரும் கோபத்தைத் தடுத்து நிறுத்துவது முன் மூளையின் வேலை. கன்றிப்போனது அந்த இடம். தலைமயிர் வளர்ந்து தையலை மூடிவிட்டதால் எல்லோரும் காயத்தையே மறந்துவிட்டார்கள்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

சத்திரசிகிச்சை நிபுணர் நேற்று நேரடியாகச் சொல்லிவிட்டார். கோலூன்றிப் பாய்தல் இனி இல்லை. எலும்பு பொருந்திவிடும், இன்னொரு அடியை அந்த மூளை தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சமதரையில் ஓட்டத்தைப் பின்னர் படிப்படியாகப் பார்க்கலாம். வலிப்பு வரக்கூடிய அபாயம் இருப்பதால் தனியாக நீந்தவோ உயரத்தில் ஏறவோ கூடாது.

தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை அடுத்தடுத்து முறியடித்த காலத்தில், பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டியவள் இவள். வடக்கில் எத்தனையோ பெண் பிள்ளைகள் அப்படித்தான் கோலைத் தூக்கினார்கள்.

அவள் முழுவதையும் கேட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள். "நம்பிக்கையை விடாதே" என்று யாரும் சொல்லக்கூடாது என்று நான் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். இழந்ததை இழந்தது என்று அழ அவளுக்கு உரிமை உண்டு.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நவம்பர் உயர்தரப் பரீட்சையை இம்முறை எழுதுவதில்லை என்று அவளே முடிவு செய்தாள். அடுத்த முறைக்கு மேலதிக நேரமும் தனி அறையும் கேட்டு விண்ணப்பிக்க மருத்துவ அறிக்கை எடுத்தாயிற்று. தீபாவளிக்கு வெடி கொளுத்துவதைக் கீழ்த்தெருப் பக்கம் வைத்துக்கொள்ளும்படி மாடிக் குடும்பங்களிடம் பேசினோம், எல்லோரும் சம்மதித்தார்கள்.

மாஸ்டர் நேரில் வந்திருந்தார். கோல் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உடல் எடைக்கென்று செய்யப்படுவது. பிள்ளை மெலிந்துவிட்டாள், அவளுடைய பழைய கோல் இன்று அவளுக்கே சரியாக வளையாது. பாடசாலையில் இளையவள் ஒருத்தியின் எடைக்கு அது பொருந்துகிறது. மாஸ்டர் கேட்கத் தயங்கினார். "கொடுங்கள் சேர்" என்று பிள்ளை முந்திக்கொண்டாள். பிறகு அந்த இளையவளோடு தொலைபேசியில் பேசினாள்: கையை எங்கே பிடிப்பது, எத்தனை காலடியில் ஓடுவது என்றெல்லாம். அலாரம் அடித்ததும், "மீதி நாளைக்கு" என்று வைத்துவிட்டாள்.

வைக்கும் முன் கடைசியாகக் கேட்டது மெத்தையைப் பற்றி. கோல் ஊன்றும் குழி ஒரு மீற்றர் நீளம், அதன் ஆழமான முனையில் 20 சென்றிமீற்றர். வேகம் போதாமல் பின்னோக்கி விழுபவர் தலை அதன் விளிம்பில் படும். பிள்ளைக்கு நடந்தது அதுவே. அங்கே மெத்தை குழியை ஒட்டி இழுக்கப்பட்டிருக்கவில்லை, விளிம்பில் ஒரு பஞ்சும் இல்லை. 2002இல் அமெரிக்காவில் கெவின் டேர் என்ற பல்கலைக்கழக வீரர் இப்படிக் குழியில் தலைபட விழுந்து இறந்தார். பின்னர் வந்த ஆண்டுகளில் அந்த நாட்டில் குழி விளிம்பைச் சுற்றி மென்வளையம் கட்டாயமாக்கப்பட்டது.

பயிற்சிக்கு முன் மெத்தை இடைவெளியைப் பார்ப்பது, குழிக்கு மென்வளையம் வாங்குவது, மைதானத்தில் முதலுதவி தெரிந்த ஒருவர் இருப்பது: இந்த மூன்றையும் கேட்டு உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம். பிள்ளை சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், ஒரு நாளைக்கு ஒரு பந்தி. மாஸ்டர் கையெழுத்திட ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாவது பந்தி இன்று முடிந்தது.