எஃப்00 முதல் எஃப்49 வரை: ஐபாடுக்குள் கிடந்த பாட்டுகள்

பாட்டெல்லாம் இருந்த கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்ப் பல வருடம் ஆகிறது. நகல் எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் (ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கருவி) ஒன்றுதான்: 30 ஜிபி, உள்ளே 1.8 அங்குலச் சுழலும் தட்டு, அகலமான அந்தப் பழைய 30 பின் கேபிள். அதிலிருந்து பாட்டுகளை வெளியே எடுத்த அனுபவத்தை எழுதி வைக்கிறேன். எடுப்பது சுலபமான பகுதி. எதன் பெயர் என்ன என்று கண்டுபிடிப்பதில்தான் காலம் போனது.

முதல் எச்சரிக்கை. பழைய ஐபாடைப் புதுக் கணினியில் செருகினால், ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் அதை வேறொரு நூலகத்தோடு இணைக்கப்பட்ட கருவியாகப் பார்க்கும். இருப்பதை அழித்துவிட்டு இந்தக் கணினியில் உள்ளதை ஏற்றலாமா என்று கேட்கும். 'சரி' என்று அழுத்தினால் கதை முடிந்தது. பாட்டுகள் கணினியிலிருந்து கருவிக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது என்பது அதன் ஏற்பாடு. விண்டோஸில் செருகும்போது ஷிஃப்ட், கண்ட்ரோல் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தால் தானாக ஒத்திசைக்காது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொண்டேன்.

ஐபாட் முழுதாக எழும்பவில்லை, ஆப்பிள் சின்னத்தோடு நின்றது. மெனு, நடுப் பொத்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்து மறுதொடக்கம் செய்து, சின்னம் வந்த உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் பிடித்தால் 'டிஸ்க் மோட்' வரும். அதில் ஐபாட் வெறும் யூஎஸ்பி டிஸ்க்காக நடந்துகொள்ளும். இந்த நிலைக்கு வந்ததும் கோப்புகளை இழுத்துப் போடக் கை துறுதுறுக்கும். நான் போடவில்லை. வயதான தட்டு அது, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரே பிம்பமாக, அதாவது பைட்டுக்குப் பைட் அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக, எடுத்துவிட வேண்டும்.

அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல். நல்ல பகுதிகளை முதலில் வேகமாகப் படித்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைப்பதால் நடுவில் நிறுத்தி மறுபடி தொடரலாம். இந்த வசதி இங்கே ரொம்ப முக்கியம். பாட்டுக் கேட்கும்போது இந்த ஐபாடின் தட்டு தொடர்ந்து சுழலாது; 32 எம்பி நினைவகத்தில் அடுத்த சில பாட்டுகளை அள்ளி வைத்துவிட்டுத் தூங்கிவிடும். 30 ஜிபியை ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால் சூடாகிறது. ஆகவே இடையிடையே நிறுத்தி, ஆற விட்டு எடுத்தேன்.

டிஸ்க்கின் சிறு கட்டங்களான செக்டர்களில் சில தேறவில்லை. ஆனால் எம்பி3 இந்த விஷயத்தில் பொறுமைசாலி. 128 கிலோபிட் பாட்டு ஒரு விநாடிக்கு 16,000 பைட். 512 பைட் செக்டர் ஒன்று போனால் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு போகும். ஒரு சின்ன 'டிக்', அவ்வளவுதான். பாட்டு தொடரும்.

பிம்பத்தைப் படிக்க மட்டும் திறந்து பார்த்தால் இரண்டு தனித்தனிப் பகுதிகள். முதலாவது ஐபாடின் சொந்த மென்பொருள். இரண்டாவதில் 'ஐபாட் கண்ட்ரோல்' என்ற மறைந்த கோப்புறை, அதனுள் 'மியூசிக்', அதனுள் எஃப்00, எஃப்01 என்று எஃப்49 வரை. ஒவ்வொன்றிலும் சம்பந்தமே இல்லாத நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராகக் கொண்ட கோப்புகள். ஒரே ஆல்பத்தின் பாட்டுகள் பத்து அறைகளில் சிதறிக் கிடக்கும்.

பெரும்பாலானவர்கள் இந்த 'மியூசிக்' கோப்புறையை மட்டும் நகலெடுத்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே 'ஐடியூன்ஸ்' என்ற கோப்புறையில் ஐடியூன்ஸ்டிபி என்று ஒரு கோப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் பொக்கிஷம் அதுதான். எந்த நாலெழுத்துக் கோப்பு எந்தப் பாட்டு, எந்தப் பட்டியலில் எத்தனையாவது, எத்தனை தடவை கேட்டோம், எத்தனை நட்சத்திரம், எப்போது சேர்த்தோம் எல்லாம் அதில்தான். லினக்ஸில் பாட்டுக் கேட்கும் மென்பொருளான ரிதம்பாக்ஸ் அதை நேராகவே படிக்கும். பட்டியல்களும் எண்ணிக்கைகளும் தனியாக வேண்டும் என்பதால் நான் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். கோப்பின் பாதையில் சாய்கோட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி இருக்கும், பழைய மேக்கின் வழக்கம் அது. தேதிகள் 1904 ஜனவரி 1-இலிருந்து விநாடிக் கணக்கு, 1970-இலிருந்து அல்ல. அதைக் கவனிக்காவிட்டால் 2007-இல் சேர்த்த பாட்டு 2073-இல் சேர்த்ததாகக் காட்டும்.

சினிமாப் பாட்டுகளுக்குப் பெரிய சிரமம் இல்லை. பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே குறித்து வைக்கும் டேக்கில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிவிறக்கிய தளத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற நிரலில் போட்டால், பாட்டின் முதல் இரண்டு நிமிட ஒலியிலிருந்து ஒரு கைரேகை எடுத்து, அகூஸ்டிஐடி தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்லிவிடுகிறது. பழைய படங்களில் சிலதைத் தவறவிட்டது. பரவாயில்லை, அவை காதுக்குத் தெரிந்தவை.

மாட்டிக்கொண்டது கச்சேரிகளில். பெரியப்பா வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்தவை, பிறகு கணினியில் ஏற்றி எம்பி3 ஆக்கியவை. இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது, கைரேகை பார்த்துப் பயன் இல்லை. ஆனால் தலைப்புகளைத் தமிழிலேயே தட்டி வைத்திருந்தோம். திறந்து பார்த்தால் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி ஓடுகின்றன.

இந்தக் குப்பையைப் பலர் பார்த்திருப்பீர்கள். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். பதினாறடி எண்ணில் சொன்னால், முதல் பைட் எப்போதும் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். அதை ஐரோப்பிய எழுத்தாக நினைத்துப் படித்தால் அந்த 'ஏ'யும் 'ஆர்'உம் வரும். திருப்பிப் போட்டால் தமிழ் வந்துவிட வேண்டும். வந்தது, ஓட்டைகளோடு. பாடலின் எந்தச் சொல்லிலும் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை!

காரணம் இது. அந்த ஐரோப்பிய எழுத்துகளுக்கான விண்டோஸ்-1252 அட்டவணையில் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழில் உகரக் குறியின் கடைசி பைட் 81, புள்ளியின் கடைசி பைட் 8டி. இரண்டும் அந்தக் காலி இடங்களில் விழுந்து கேள்விக்குறியாகிவிட்டன. ஏ, ஐ என்ற தமிழ் உயிரெழுத்துகளும் அப்படியே. 'முத்து' என்ற சொல்லில் மட்டும் மூன்று ஓட்டை. நாம் பார்த்த உடனே படித்துவிடுவோம், நிரல் எப்படிப் படிக்கும்?

இங்கே இலக்கணம் கைகொடுத்தது. பள்ளியில் மனப்பாடம் செய்ததெல்லாம் இப்படி ஒரு இடத்தில் உதவும் என்று நினைக்கவே இல்லை. சொல்லின் முதல் எழுத்து மெய்யாக இருக்காது, எனவே அங்கே ஓட்டை என்றால் உகரம். அடுத்த எழுத்து அதே வல்லினமாக இருந்தாலோ, மெல்லினத்துக்குப் பின் அதன் இன எழுத்து வந்தாலோ புள்ளி. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது, எனவே கடைசியில் க, ச, ட, த, ப, ற என்றால் உகரம். ம, ன, ல, ள, ர, ய என்றால் புள்ளி. 'பாட்டுக் கச்சேரி' மாதிரி ஒற்று மிகும் இடங்களுக்கு அடுத்த சொல்லின் முதல் எழுத்தையும் பார்க்கச் சொன்னேன். முக்கால்வாசிக்கு மேல் சரியாக வந்தது. ஸ்ரீராகம் மட்டும் விதிப்படி 'ஸுரீராகம்' ஆனது. வடமொழிப் பெயர்களை எல்லாம் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.

தலைப்புப் பாதியில் அறுந்து நின்றவையும் உண்டு. எம்பி3-இல் டேக் எழுதும் முறையான ஐடி3-இன் பழைய முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். குறியீட்டுக்கு மூன்று பைட் என்றால் பத்தே குறியீடு, அதிலும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. அதற்கு மேல் எழுதியது கோப்பிலேயே இல்லை, எந்த நிரலாலும் கொண்டுவர முடியாது.

பெயரே இல்லாதவற்றைப் பெரியப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்ப ஆரம்பித்தேன், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நிமிடம்.

"டேய், ஆலாபனையை அனுப்பினா ராகம்தான் சொல்ல முடியும். காம்போதியில் எத்தனை பாட்டு இருக்கு! கடைசியை வெட்டி அனுப்பு."

"கடைசியில் என்ன பெரியப்பா இருக்கு?"

"சரணத்தில் முத்திரை வரும்டா. யார் பாட்டுன்னு அவங்களே கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

அப்புறம்தான் வேலை வேகம் பிடித்தது. தியாகராஜர் தன் பெயரையே வைப்பார். தீட்சிதர் என்றால் 'குருகுஹ', சியாமா சாஸ்திரி 'ச்யாமகிருஷ்ண', பாபநாசம் சிவன் 'ராமதாசன்', புரந்தரதாசர் 'புரந்தர விட்டல'. தீட்சிதர் பல கிருதிகளில் ராகத்தின் பெயரையும் சாகித்தியத்துக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறார். ஐடி3 வருவதற்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் முன்பே டேக் போட்டவர் அவர். எந்த மென்பொருளும் அழிக்க முடியாத டேக்.

நீளமும் ஒரு துப்பு. 45 நிமிடத்தை ஒட்டிய கோப்பு என்றால் 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம், 30 என்றால் 60 நிமிடக் கேசட். பாட்டு நடுவில் அறுந்து முடியும் பக்கத்தையும், நடுவிலேயே தொடங்கும் பக்கத்தையும் ஜோடி சேர்த்தேன். கேசட்டைத் திருப்பிப் போடும் நேரத்துக்குள் போன சில அடிகள் போனதுதான். வானொலி அறிவிப்பு இருந்தால் எல்லாம் சுலபம், ஆனால் பாதிக் கேசட்டில் அறிவிப்பு முடிந்த பிறகுதான் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கேட்டால், "டேப் வீணாகும்ல" என்கிறார்.

எதை முதலில் சரிசெய்வது என்று ஐடியூன்ஸ்டிபியின் எண்ணிக்கைகளை வைத்து முடிவு செய்தேன். அதிகம் கேட்டவை முன்னால். ஒருதடவைகூடக் கேட்காமல் ஐபாடில் பல வருடம் சுமந்தவை ஏராளம், அவை கடைசியில்.

இப்போதைய நிலை: சினிமாப் பாட்டுகள் முடிந்தன, பட்டியல்கள் பழைய வரிசையில் வந்துவிட்டன. கச்சேரிகளில் ராகம் மட்டும் தெரிந்து பாட்டுத் தெரியாதவை ஒரு கோப்புறையில், வாத்திய இசை இன்னொன்றில். வீணையிலும் புல்லாங்குழலிலும் முத்திரை கேட்காது, அவை பெரியப்பாவின் பொறுமையைப் பொறுத்தது. மூலப் பிம்பத்தை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். அடுத்து ஐபாடைத் திறந்து தட்டை எடுத்துவிட்டு மெமரி கார்டு அடாப்டர் போட்டு, ராக்பாக்ஸ் என்ற மாற்று மென்பொருளை ஏற்றிப் பார்க்க வேண்டும். அதில் கோப்புறைகளை அப்படியே உலாவலாம், எஃப்00 தொல்லை கிடையாது. அடாப்டர் ஆர்டர் போட்டாயிற்று, பேட்டரியும் சேர்த்து.