எடிட்டரில் ஒட்டுவதற்கு முன்

மூடுல், கேன்வாஸ் போன்ற கற்றல் தளங்களில் பாடம் ஏற்றுபவர்கள் அதிகம் திணறுவது அந்த எடிட்டர் பெட்டியில்தான். மேலே தடிமன், பட்டியல், படம் என்று பொத்தான்கள், கீழே வெள்ளைத் தாள். பார்ப்பதற்கு வேர்டு மாதிரி இருப்பதால் வேர்டு மாதிரியே நடந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் நீங்கள் தட்டும் ஒவ்வொரு வரியையும் அது எச்டிஎம்எல்லாக, அதாவது வலைப்பக்கக் குறியீடாக, எழுதிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான சிக்கல்களின் வேர் அங்கேதான்.

மூடுலில் 2014-இல் 2.7 பதிப்போடு அட்டோ எடிட்டர் வந்தது. 2022-இல் 4.1 பதிப்பில் டைனிஎம்சிஇ 6 என்ற எடிட்டர் சேர்ந்தது. கேன்வாஸின் எடிட்டரும் டைனிஎம்சிஇ மேல் கட்டியதுதான். அதனால் ஒரு தளத்தில் பழகிய கைக்கு இன்னொன்று அந்நியமாக இருக்காது.

முதலில் ஒட்டுவதைப் பார்ப்போம். வேர்டிலிருந்து ஒரே ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டுங்கள். பிறகு மூலக்குறியீட்டைத் திறந்து பாருங்கள் (மூடுலின் டைனிஎம்சிஇயில் பார்வை மெனுவுக்குள் இருக்கும், கேன்வாஸில் பெட்டியின் கீழே வலது ஓரத்தில்). எழுத்துரு பெயர், புள்ளிக் கணக்கில் எழுத்தளவு, வரி இடைவெளி, நிறம் எல்லாம் உங்கள் வாக்கியத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். எடிட்டர் ஓரளவு வடிகட்டும், ஆனால் முழுக்க அல்ல. இந்த மிச்சம் தளத்தின் பொதுத் தோற்ற அமைப்பை (தீம்) மீறி நிற்கும். கைபேசியில் மற்ற பத்திகள் திரைக்கேற்ப அழகாக விரியும்போது இந்த ஒன்று மட்டும் குட்டி எழுத்தில் தனியே தெரிவது இதனால்தான்.

தீர்வு எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால், அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து வடிவமைப்பை நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். தடிமனும் பட்டியலும் போய்விட்டால் மறுபடி போட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைத் தயங்காமல் செலவழிக்கலாம்.

தமிழில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பிலிருந்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் வரும். அங்கே சேமிக்கப்பட்டிருப்பதே ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டியது, அவ்வளவே. முதலில் தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். சாய்வெழுத்தையும் தமிழுக்குத் தவிர்ப்பது நல்லது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி நேரான எழுத்தைச் சாய்த்துக் காட்டும், கண்ணை உறுத்தும். இருபுறமும் சமப்படுத்தினால் நம் நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்க ஒழுங்கே போதும்.

தலைப்புக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தடிமன் போடாமல் தலைப்புப் பாணியைத் தேர்ந்தெடுங்கள். பார்வையற்ற மாணவர்கள் திரைவாசிப்பான் வழியே தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் படிக்கிறார்கள். தடிமனான வரி அதற்கு இன்னொரு பத்தி, அவ்வளவுதான். என்டர் புதிய பத்தி தொடங்கும், ஷிஃப்ட் என்டர் அதே பத்திக்குள் வரியை மட்டும் உடைக்கும். முகவரி, கவிதை வரிகளுக்கு இரண்டாவது.

படத்தில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. பழைய பாடப்பிரிவின் பக்கத்தைத் திறந்து, எழுத்தும் படமுமாகச் சேர்த்து நகலெடுத்துப் புதிய பாடப்பிரிவில் ஒட்டுகிறோம். படம் அழகாகத் தெரிகிறது. ஆனால் வந்திருப்பது படம் அல்ல, பழைய இடத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. இரண்டு பாடப்பிரிவிலும் உங்களுக்கு அனுமதி இருப்பதால் உங்களுக்குத் தெரியும். மாணவருக்கு உடைந்த படக்குறிதான். மாணவராகப் பங்கு மாற்றிப் பார்த்தாலும் இது அகப்படாது. மாற்றம் அந்தப் பாடப்பிரிவுக்குள் மட்டும்தான். பழையதில் நீங்கள் இன்னும் ஆசிரியர். படத்தைக் கணினியில் சேமித்து, படப் பொத்தான் வழியே புதிதாக ஏற்றுங்கள். ஏற்றும் முன் அகலத்தை ஆயிரம் பிக்சல் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். எடிட்டரில் ஓரத்தை இழுத்துச் சிறிதாக்கினால் காட்சிதான் சுருங்கும், கோப்பின் எடை அப்படியே இருக்கும். மாற்றுரையில் (படத்தைப் பார்க்க முடியாதவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் விவரிப்பு) படம் எதைக் கற்பிக்கிறதோ அதை எழுதுங்கள்: "வரைபடம்" என்பதற்குப் பதில் "வெப்பநிலை உயர உயர அழுத்தம் நேர்கோட்டில் கூடுகிறது".

வேர்டிலிருந்து வரும் அட்டவணைக்கு அகலம் பிக்சலிலோ புள்ளியிலோ நிலையாகப் பதிந்திருக்கும், கைபேசியில் திரைக்கு வெளியே ஓடும். அட்டவணைப் பண்புகளில் அதை நூறு சதவீதமாக்கி, முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள்.

மேத்ஜாக்ஸ் (சமன்பாட்டை வரைந்து காட்டும் நிரல்) இயங்கும் மூடுலில் சமன்பாட்டை $$ குறிகளுக்கு நடுவே எழுதினால் தனி வரியில் வரும். வரிக்குள்ளேயே வேண்டுமென்றால் \( \). ஒற்றை டாலர் வழக்கமாக வேலை செய்யாது. சமன்பாட்டின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தடிமனோ நிறமோ கொடுத்தால் நடுவில் எச்டிஎம்எல் குறி (டேக்) நுழைந்து, குறியீடு அப்படியே பச்சையாகத் திரையில் நிற்கும். மூலக்குறியீட்டில் போய் அந்த டேக்கை எடுத்துவிட்டால் சரியாகும்.

மாணவர் தன் விடையில் வீடியோவின் உட்பொதி குறியீட்டை ஒட்டினால் சேமித்ததும் காணாமல் போகும். பாதுகாப்புக்காகத் தளம் ஐஃப்ரேமை (வேறு தளத்தின் பக்கத்தை உள்ளே காட்டும் சட்டகம்) களைகிறது. வெறும் இணைப்பைக் கொடுத்தால் போதும்.

கடைசியாக, தானியங்கிச் சேமிப்பு. அட்டோ எடிட்டர் இன்னும் இருக்கும் மூடுலில் அது இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறை வரைவைச் சேமிக்கும். சேமிக்கப்படுவது வரைவுதான், சமர்ப்பிப்பு அல்ல. இணைப்பு அறுந்திருந்தால் அதுவும் நடக்காது. நீண்ட நேரம் தட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால், சமர்ப்பி பொத்தானைத் தொடும் முன் கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி அழுத்தி முழுவதையும் நகலெடுத்துவிடுங்கள். அமர்வு காலாவதியாகி உள்நுழைவுப் பக்கம் வந்து நின்றாலும் உங்கள் விடை நகலில் பத்திரமாக இருக்கும். மறுபடி நுழைந்து ஒட்டிவிடலாம்.